அலை ஓய்ந்த மாதங்களில் பயிற்சி: கல்முனைக் கரையின் மாணவர் ஒருவருக்குக் கடிதம்

அன்பின் மகனுக்கு,



அறுகம்பேயின் அலைப்பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் வரை நீடிப்பதும், அதன்பின் வாடை எழுந்து மழை கொட்டும் நவம்பர் முதல் மார்ச் வரையான ஐந்து மாதங்கள் சறுக்குப் பலகை சுவரோரம் சாத்தப்பட்டுக் கிடப்பதும், கிழக்குக் கரையில் அலைச்சறுக்கு பழகும் எவருக்கும் தெரிந்த நடப்பாகும். அந்த ஐந்து மாதங்களில் கற்றது கைவிட்டுப் போகுமா, அல்லது சைக்கிள், உதைபந்து, கபடி, நீச்சல் என்று ஊரில் கைக்கெட்டும் விளையாட்டுகளால் அதைக் காத்து வளர்க்கலாமா என்ற கேள்விக்கு விளையாட்டு அறிவியலில் தெளிவான விடை உண்டு. ஒரு விளையாட்டில் பழகியது மற்றொன்றுக்கு உதவும். ஆயினும் இரண்டுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ அவ்வளவுக்கே உதவும் என்பதுதான் அந்த விடை. எந்தக் கூறு எந்த விளையாட்டில் கிடைக்கிறது, எது எதிலும் கிடைக்காது என்று பிரித்துக் காட்டுவதே இக்கடிதத்தின் நோக்கம்.

முதலில், பருவம் ஏன் இப்படி அமைகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வழியாக ஒலுவில் வரை கரை பெரும்பாலும் நேர்கோடாகக் கிழக்கைப் பார்த்துக் கிடப்பதால், இங்கு வரும் அலை கரையோரம் முழுவதும் ஒரே வேளையில் மடிந்து விழுந்துவிடுகிறது. அதில் ஏறிச் செல்ல இடமில்லை. தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில், பொத்துவிலை அடுத்த உல்லைக் கிராமத்தருகே, அறுகம்பேயில், நிலம் கடலுக்குள் முனையாக நீண்டிருக்கிறது. இந்து சமுத்திரத்தின் தென்கோடிப் புயல்களில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வரும் பேரலை அந்த முனையில் தட்டி, வளைந்து, நுனியிலிருந்து உட்பக்கமாகச் சிறிது சிறிதாக உடைவதால், உடையாத பகுதியின் முகத்தில் பலகையோடு நெடுந்தூரம் சறுக்கிச் செல்ல முடிகிறது. இவ்வாறு உடைவதை முனை அலை என்பர். அதே மாதங்களில் வீசும் கச்சான் காற்று கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போவதால் அலையின் முகம் கலையாமல் நிமிர்ந்து நிற்கிறது. வாடையோ கடலிலிருந்து கரைக்கு வீசி அந்த முகத்தைக் குலைத்துவிடுகிறது.

காற்று இங்கு செய்வதைக் குளிர்நாடுகளில் வெயில் செய்கிறது. மலைச்சரிவின் பனியில் இரு நீண்ட கட்டைகளைக் காலில் பூட்டி இறங்கும் பனிச்சறுக்கு வீரர்களுக்கு, வசந்தத்தில் பனி உருகியதும் களம் இல்லாமற் போகிறது. அவர்கள் கோடை முழுவதையும் மலைச் சைக்கிளிலும், சில்லுப் பூட்டிய சறுக்குக் கட்டைகளிலும், மலையோட்டத்திலும் கழிக்கின்றனர். கனடாவின் விஸ்லர் மலையில், பனிக்காலத்தில் சறுக்குவோரை உச்சிக்கு ஏற்றும் தொங்கு கதிரைத் தொடர் கோடையில் சைக்கிள்களையும் ஏற்றுகிறது. பனி இருந்தும் முறையான களம் இல்லாதவர்களுக்கும் இவ்வழி உதவியிருக்கிறது. இமாலயத்தின் மணாலியைச் சேர்ந்த சிவ கேசவன், மல்லாந்து படுத்தபடி பனிக்கட்டித் தடத்தில் பாய்ந்திறங்கும் லூஜ் என்னும் போட்டியில் 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக் விழாக்களில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டவர்; அவரது நாட்டில் அதற்கான செயற்கைத் தடம் இல்லாததால், சறுக்கு வண்டிக்குச் சில்லுப் பூட்டி, லொறிகளும் ஆட்டு மந்தைகளும் போகும் மலைவீதிகளில் இறங்கிப் பழகினார்.

அலைச்சறுக்கின் சொந்தக் கிளைகளும் இப்படிக் களம் மாறிப் பிறந்தவையே. 1950களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர்கள், கடல் அடங்கிய நாட்களில் தெருவில் சறுக்கப் பலகைக்கு அடியில் சில்லுப் பூட்டியதிலிருந்து ஸ்கேற்போர்ட் வளர்ந்தது. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பொப்பன் என்பவர் தம் பிள்ளைகளுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்து, நின்றபடி பனியில் இறங்கும் பலகை ஒன்றைச் செய்தார். இன்றைய ஸ்னோபோர்டின் முன்னோடிகளுள் அது முக்கியமானது. தரைப்பலகையும் அலைப்பலகையும் ஒருவரிடமே கைகூடுவதற்குத் தமிழ்க் கரையிலும் சான்று உண்டு. மாமல்லபுரத்தின் கமலி மூர்த்தி சிறுமியாக இருந்தபோது ஸ்கேற்போர்டில் காட்டிய திறமை ‘கமலி’ என்ற குறும்படமாகி, அப்படம் 2020இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அதே கமலி பின்னர் இந்தியாவின் தேசிய அலைச்சறுக்குப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் பட்டம் வென்றார்.

இவ்வகை உதவி எப்படி நிகழ்கிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் எட்வர்ட் தோண்டைக், ரொபர்ட் வுட்வேர்த் ஆகிய அமெரிக்க உளவியலாளர் இருவர் முதன்மையானவர்கள். ஒன்றில் பெற்ற பயிற்சி மனத்தையோ உடலையோ பொதுவாகக் கூர்மையாக்கி எல்லாவற்றிலும் உதவும் என்று அக்காலத்துப் பள்ளிக்கூடங்கள் நம்பியிருக்க, 1901இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, இரு செயல்களுக்கும் பொதுவாக ஒத்த கூறுகள் இருந்தால்தான் பயிற்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும் என்று காட்டியது. ஆகவே, எந்த விளையாட்டு நல்லது என்று பொதுவாகக் கேட்பதைவிட, கடலில் எந்தக் கூறு குறைகிறது, அதைத் தரையில் எது தரும் என்று கேட்பதே பயன் தரும்.

அலைச்சறுக்கு எத்தகைய கூறுகளால் ஆனது? கடலில் கழியும் நேரத்தை அளந்த ஆய்வுகள் ஒரு வியப்பான உண்மையைக் காட்டுகின்றன. ஏறத்தாழப் பாதி நேரம், பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் நீரை வலித்து முன்னேறும் கைத்துடுப்பில் செல்கிறது. மீதியில் பெரும்பகுதி அலைக்காகக் காத்திருப்பதில் கழிகிறது. பலகையில் நின்று அலையில் சறுக்கும் நேரம் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. படத்தில் தெரிவது அந்தச் சிறு பங்குதான் என்பதால் புதியவர் அதையே முழு விளையாட்டு என்று எண்ணிவிடுகிறார். உண்மையில் கூறுகள் நான்கு: கைத்துடுப்பு, படுத்த நிலையிலிருந்து ஒரே வீச்சில் எழுந்து நிற்றல், நின்றபின் சமநிலையும் திருப்பமும், இவையனைத்தையும் வழிநடத்தும் பார்வை.

பார்வையையும் சமநிலையையும் சேர்த்துக் கற்பிக்கும் விளையாட்டுகளில் மலைச் சைக்கிளுக்குத் தனி இடம் உண்டு. மலைச் சைக்கிள் என்பது அகன்று கரடான ரயர்களும் அதிர்வைத் தாங்கும் முன்கவரும் கொண்டு, சீரற்ற பாதைக்கென அமைந்த சைக்கிளாகும். கல்முனையைச் சுற்றி மலை இல்லாவிட்டாலும், ஊரின் மேற்கே வயல்வெளியை ஊடறுக்கும் வாய்க்கால் கட்டுகளும், கிரவல் வீதிகளும், மழையில் அரித்த பள்ளங்களும் இந்தப் பயிற்சிக்குப் போதும்; சாதாரணச் சைக்கிளிலும் மெதுவாகச் செய்து பழகலாம். கட்டுப்பாதையில் பள்ளம் ஒன்றை நெருங்கும்போது, பழகாதவர் ஆசனத்தில் அமர்ந்தபடி முன்சில்லையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சில்லு பள்ளத்தில் விழுந்ததும் அடி முழுவதும் முதுகில் ஏறுகிறது, கைப்பிடி துள்ளி வளைகிறது. பழகியவரோ இரு மிதிகளையும் தரைக்கு மட்டமாக நிறுத்தி, ஆசனத்திலிருந்து எழுந்து, முழங்கால்களையும் முழங்கைகளையும் மடித்து, குதிகாலைச் சற்றே தாழ்த்தி, இடுப்பைப் பின்தள்ளி நிற்கிறார். சைக்கிள் அவருக்குக் கீழே இறங்கி ஏறுகிறது, அவர் தலையோ ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகிறது. மடங்கிய மூட்டுகளால் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை உள்வாங்கும் இந்த நிலையைத்தான் பனிச்சறுக்கு வீரர் மேடுபள்ளமான சரிவிலும், அலைச்சறுக்கு வீரர் கலங்கிய அலையின் முகத்திலும் கைக்கொள்கின்றனர்.

பார்வையின் விதி இன்னும் எளியது. பள்ளத்தைப் பார்த்தவரின் சில்லு பள்ளத்துக்கே போகும். போகவேண்டிய பாதையைப் பார்த்தவரின் சில்லு பாதையில் போகும். கண் திரும்பினால் தலையும், தலை திரும்பினால் தோளும், தோளைத் தொடர்ந்து இடுப்பும் திரும்புவதே இதற்குக் காரணம். ஆகவே கட்டுப்பாதையில் செல்லும்போது பல மீற்றர் முன்னே கண்ணை நிறுத்தி, வளைவு வருமுன்பே வளைவின் முடிவைப் பார்க்கப் பழகவேண்டும். அறுகம்பேயில் எழுந்து நின்றதும் தன் கால்களையே குனிந்து பார்க்கும் புதியவர் அடுத்த கணமே விழுவதற்கும், அலை உடைந்துவரும் திசைக்கு முன்னே பார்ப்பவர் தொடர்ந்து செல்வதற்கும் இந்த விதியே அடிப்படை.

சைக்கிள் தரும் மற்றொரு கூறு, மிதிக்காமலே வேகம் கூட்டுதல். அடுத்தடுத்து மேடுகள் வரும் பாதையில், மேட்டின் உச்சியில் உடலை இலேசாக்கி, இறங்கும் பக்கத்தில் கைகாலால் சைக்கிளை அழுத்தினால், மிதியைத் தொடாமலே அது முன்னேறும். இதைப் பம்பிங் என்று வீரர்கள் அழைக்கின்றனர். அலையின் முகத்தில் மேலே போகும்போது உடலை இலேசாக்கி, கீழே இறங்கும்போது அழுத்தி, வேகம் குறையும் பகுதிகளைத் தாண்டுவதும் இதே செயல்தான். எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்ற தாளம் ஒருமுறை உடலுக்குப் பிடிபட்டுவிட்டால் அது பலகையிலும் எளிதில் கைகூடும்.

ஆனால் சைக்கிளின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். முதலாவதாக, சைக்கிளிலும் பனிச்சறுக்குக் கட்டைகளிலும் உடல் முன்னோக்கி நிற்கிறது. அலைப் பலகையிலும் ஸ்கேற்போர்டிலும் உடல் பக்கவாட்டில், ஒரு கால் முன்னும் மறுகால் பின்னுமாக நிற்கிறது. ஆகவே கணுக்காலையும் இடுப்பையும் கொண்டு பலகையைச் சாய்த்துத் திருப்பும் நுட்பத்தைச் சைக்கிள் கற்பிக்காது. அதற்கு ஸ்கேற்போர்டே உரியது. இரண்டாவதாக, தசை இருவகையில் உழைக்கிறது. படியேறும்போது தொடைத்தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது; படியிறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. பாவா ஆதம் மலையில் ஏறும்போது மூச்சு வாங்கினாலும், மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதனால்தான் என்பதைப் போய்வந்தவர்கள் அறிவர். மிதித்தல் ஏறக்குறைய முழுவதும் முதல்வகை உழைப்பு. பனிச்சரிவில் திரும்புவதும் உயர்ந்த அலையிலிருந்து கீழே பாய்ந்து நிலைகொள்வதும் பெருமளவில் இரண்டாம் வகை. சைக்கிள் மட்டும் ஓட்டி வலுப்பெற்ற கால்கள் அவ்விடத்தில் தளர்வது இதனால்தான்.

அந்தக் குறையை நிரப்பும் விளையாட்டுகள் அம்பாறைக் கரையில் தாராளமாக உள்ளன. கரப்பந்தாட்டத்தில் துள்ளி அடித்துவிட்டு முழங்கால் மடித்து, ஓசை எழாமல் மணலில் இறங்குவது இரண்டாம் வகை உழைப்புக்குச் சிறந்த பயிற்சி. பாதம் ‘தட்’டென்று அறைந்தால் மூட்டு அடியை வாங்குகிறது, ஓசையின்றி இறங்கினால் தசை வாங்குகிறது என்று அறியலாம். தேசிய அணிக்கு வீரர்களைத் தந்த நிந்தவூரின் கபடி, தாழ்ந்த நிலையில் பக்கத்துக்குப் பக்கம் எடையை மாற்றவும் எதிர்பாராத இழுப்பில் நிலைகுலையாதிருக்கவும் கற்பிக்கிறது. உதைபந்தாட்டத்தில் பந்தை உதைக்கும் ஒவ்வொரு முறையும் முழு உடலும் ஒற்றைக்காலில் நிற்கிறது. முஸ்லிம் ஊர்களில் மூத்தவர்கள் பழகிவந்த சிலம்படியின் கால்வரிசை, முன்கால் பின்கால் என்ற பக்கவாட்டு நிலையையும் இடுப்பிலிருந்து பிறக்கும் திருப்பத்தையும் ஒருங்கே தருவதால், அலைப்பலகையின் நிற்கும் முறைக்கு இவற்றுள் மிக அருகில் வருகிறது. அதை அறிந்த முதியவர் ஊரில் இருந்தால் அவரிடம் சென்று பழகுவது மிகவும் பயன் தரும்.

கைத்துடுப்புக்கு வருவோம். கடலில் பாதி நேரத்தை விழுங்கும் இக்கூறுக்குச் சைக்கிளால் கிடைப்பது குறைவு. இதயமும் நுரையீரலும் வலுப்பெறும் என்பது உண்மையே. ஆயினும் களைப்பைத் தாங்கும் ஆற்றலில் பெரும்பங்கு உழைக்கும் தசையிலேயே ஊறுவதால், காலில் ஊறியது தோளுக்குப் போய்ச் சேர்வதில்லை. நீச்சல் தோளை வளர்க்கும். ஆனால் நீந்துபவரின் உடல் நீரில் நீண்டு புரள்கிறது, பலகையில் படுத்தவரோ நெஞ்சை உயர்த்தி, முதுகை வளைத்து, தலையை நிமிர்த்தியபடி வலிக்கவேண்டியிருக்கிறது. வாடைக்காலத்தில் கல்முனைக் கடலில் நீந்துவது ஆபத்து. களப்போரங்களிலும் ஆற்றோரங்களிலும் முதலை உண்டு. ஆகவே தரைப் பயிற்சியே தக்கது. பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை நெடுக வெட்டி, நடுவை யன்னல் கம்பியில் கட்டி, வாங்கில் குப்புறப் படுத்து, நெஞ்சைச் சற்று உயர்த்தி, இரு முனைகளையும் பிடித்து மாறிமாறிப் பின்னோக்கி இழுத்தால், தோளும் முதுகும் கடலில் உழைப்பது போலவே உழைக்கும். ஒரு நிமிடம் இழுத்து ஒரு நிமிடம் ஓய்வதாகத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கரைவலை இழுப்பவர்களோடு ஒரு காலை கயிறு பிடிப்பதும் கைப்பிடிக்கும் முதுகுக்கும் நல்லதுதான். அங்கு கால்கள் மணலில் பின்னோக்கி நடந்து எடையைத் தாங்குவதும் கூடுதல் நன்மை.

எழுந்து நிற்றலைத் தரையில் கற்பது எளிது. பாயில் குப்புறப் படுத்து, விலாவருகே உள்ளங்கைகளை ஊன்றி, நெஞ்சை உயர்த்தி, முழங்கால் பாயில் படாமல் இரு கால்களையும் ஒரே வீச்சில் அடியில் கொண்டுவந்து, பக்கவாட்டாக நிற்கவேண்டும். முழங்காலை ஊன்றி எழும் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் கடலில் அதை மாற்றுவது கடினம் என்பதால், களைப்பு வந்து முறை கெடத் தொடங்கியதும் நிறுத்திவிடுவதே சரி.

தரையில் எவ்வளவு பழகினாலும் கிடைக்காத ஒன்று உண்டு. சாலை அசையாது, பனிச்சரிவும் அசையாது; அலையோ ஒவ்வொன்றும் புதிதாக எழுந்து, எங்கு உடையும் என்பதை நீரிலேயே காட்டுகிறது. அதை வாசிக்கும் அறிவு கடலைப் பார்த்துப் பார்த்தே வருவது. வாடைக்காலத்திலும் கரையில் நின்று, அலை எங்கு முதலில் மடிகிறது, உடைந்த நீர் எவ்வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது என்று கவனிக்கலாம். அலைகளுக்கிடையே நுரையின்றி, நிறம் மாறி, கடலை நோக்கி ஓடும் ஒடுங்கிய நீரோட்டம் இழுநீரோட்டம் எனப்படும்; அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறவேண்டும். அலைக்கடியில் அகப்படும் கணத்துக்கென்று எண்ணி மூச்சடக்கும் பயிற்சியைத் தண்ணீரில் தனியே செய்வது உயிருக்கே ஆபத்தானது. தேர்ந்த நீச்சல்காரரும் அதில் மயங்கி மூழ்கியிருக்கின்றனர்.

வாரத்தை எப்படிப் பகுப்பது? இரண்டு நாள் சைக்கிள், இரண்டு நாள் கரப்பந்தோ கபடியோ உதைபந்தோ, இரண்டு நாள் கால்மணி நேர ரியூப் இழுப்பும் எழும் பயிற்சியும், ஒரு நாள் முழு ஓய்வு என்பது பள்ளிப்படிப்பைக் கெடுக்காத அளவு. சைக்கிளில் தலைக்கவசம் இன்றியமையாதது; பிரதான வீதியில் பயிற்சி கூடாது. ரமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்தி வருவதால் அண்மைய ஆண்டுகளில் இந்த ஓய்வு மாதங்களிலேயே அமைகிறது. நோன்பு நாட்களில் வலுவைக் கூட்ட முயலாமல், நோன்பு திறப்பதற்குச் சற்று முன் இலேசான சமநிலைப் பயிற்சியும், தராவீஹ் தொழுகைக்குப் பின் சிறிது ரியூப் இழுப்பும் செய்து, பெற்றதைக் காத்துக்கொண்டால் போதும். வீட்டில் சகோதரிகளுக்கு ஆர்வம் இருந்தால் இவற்றுள் பெரும்பாலானவை முற்றத்திலேயே செய்யக்கூடியவை என்பதும் நினைவில் இருக்கட்டும்; 2018இல் அறுகம்பேயில் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது.

இவ்வளவும் பலன் தந்ததா என்பதை ஏப்ரலில் பொத்துவிலுக்குச் சென்று முதன்முறை கடலில் இறங்கும் நாளிலேயே சோதித்துவிடலாம். தோள் முதலில் ஓய்ந்தால் ரியூப் பயிற்சி போதவில்லை; எழும்போது முழங்கால் பலகையில் ஊன்றினால் பாய்ப் பயிற்சியில் அவசரம் இருந்திருக்கிறது; நின்றபின் தொடை நடுங்கினால் இறங்கும் வகை உழைப்பு குறைந்திருக்கிறது; எல்லாம் சரியாக இருந்தும் விழுந்தால் கண் காலைப் பார்த்திருக்கிறது. எந்தக் குறை வெளிப்படுகிறதோ அதற்குரிய பயிற்சியை அடுத்த வாடையில் இரட்டிப்பாக்கி, மற்றவற்றைக் குறைத்துக்கொள்பவருக்கு அந்த ஐந்து மாதங்களும் பருவத்தின் பகுதியாகவே ஆகிவிடும்.